கை மாறிய தாம்பூலம்

ஒரே பஸ்ஸில் இரண்டு காரியம் முடியுமென்றால், அதை விட்டுவிடுகிற மனிதர் அல்ல பஞ்சநாதன்.

"மூணு மணிக்குப் பெரம்பலூர் மாதர் சங்கத்துல நீ பேசற. இருதார மணம் கூடாதுன்னு பேசு. நல்லா உறைக்கிற மாதிரி பேசு. அஞ்சு மணிக்கு வில்வண்டி வரும். மருமகளையும் கூட்டிக்கிட்டு அதுல ஏறி இராமலிங்கம் வூட்டுக்கு வந்துடு. நம்ம தர்மராசுக்குத் தட்டு மாத்திடலாம்."

மகன் தர்மராஜுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். அவற்றுக்குத் தாயான ரத்தினம்மாள் அதே கூடத்தில் ஒரு தூண் தள்ளி நின்று, வெள்ளித் தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே நாள்லயாங்க?" என்றாள் அவர் மனைவி ஜெகதாம்பாள்.

"பேசறதுக்கு ஒரு வாய், வெத்தலை போடறதுக்கு ஒரு வாயின்னா கேக்கற? ஒண்ணே போதும். நான் காலம்பறயே வண்டியில தர்மராசோட முன்னாடி போயிடறேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல வாங்க. பொதுஜனத்தோட வந்தா நாலு பேர் பாப்பான்."

அரியலூர் மிராசுதார் குடும்பத்தை முன்பே அறிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டரின் யுத்த நிதிக்கு ஊரிலேயே பெரிய தொகை எழுதியவர் பஞ்சநாதன். அதற்காக ராவ் சாகிப் பட்டம் வரும் என்று காத்திருந்தார். பட்டம் வருவதற்குள் காலம் மாறிவிட்டது. நாற்பத்தாறாம் வருஷத் தேர்தலில் கட்சிக்காரர்கள் அவருடைய தலையைக் கண்டதும் அந்த நிதியை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பஞ்சநாதன் சளைக்கவில்லை. பெண்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவிக்குக் கதர்ப் புடவை வாங்கிவந்தார். ராட்டையின் முன்னால் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார். போட்டோ எடுத்து முடிந்ததும் ராட்டை இரவல் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஜெகதாம்பாள் சட்டசபைக்குப் போனாள்.

போவதற்கு முன்னால் பஞ்சநாதன் அவளிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "உடல்நிலை காரணமாக என் ஸ்தானத்தை ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதியிருந்தது. தேதி மட்டும் போடவில்லை. இரும்புப் பெட்டியில் நகைகளுக்கு அடியில் அது பத்திரமாக இருக்கிறது.

இரண்டரை வருஷத்தில் ஜெகதாம்பாள் சபையில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தாள். திருமானூர் வாய்க்காலின் மதகு பழுதாகியிருப்பது சர்க்காருக்குத் தெரியுமா என்பது ஒன்று. அதே மதகு இன்னும் பழுதாகவே இருப்பது தெரியுமா என்பது இரண்டு. மூன்றாவதும் மதகுதான். அந்த மதகுக்குக் கீழே யாருடைய நிலம் இருக்கிறது என்று சர்க்கார் திருப்பிக் கேட்கவில்லை. மற்றபடி ஓட்டெடுப்பு நடக்கும்போது கட்சிக் கொறடாவின் கையைப் பார்ப்பாள். அது எழும்பினால் இவள் கையும் எழும்பும். இறங்கினால் இறங்கும். ஒரு தரம் அவர் காதைச் சொறிவதற்காகக் கையைத் தூக்கியபோதுகூட இவள் கை பாதி வழி போய்விட்டுத் திரும்பியது.

இப்போது சபைக்கு இருதார மணத் தடை மசோதா வந்திருந்தது. மாசியில் ஓட்டுக்கு வந்துவிடும் என்று பேச்சு.

மசோதா என்றதும் பெண்கள் விழித்துக்கொண்டார்களோ இல்லையோ, ஆண்கள் விழித்துக்கொண்டார்கள். திருமானூரிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு ஒருவர் வந்தார். "அம்மா, அந்தச் சட்டம் எப்பங்க அமுலுக்கு வருது?" என்று கேட்டார். நம் தொகுதியில் ஆண்களுக்கும் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய், ஜெகதாம்பாள் கால் மணி நேரம் விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா தையிலயே முடிச்சிடணும்னு சொல்லுங்க. நான் ரெண்டாந்தாரத்தைப் பங்குனியில கட்டிக்கலாம்னு இருந்தேன்" என்று எழுந்துபோனார். செந்துறைக்காரர் ஒருவர் மூன்றாவதற்கு நாள் கேட்டு வந்தார். அந்தத் தை மாதம் அந்த வட்டாரத்தில் ஜோசியர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்ததைவிட எம்.எல்.ஏ. அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

கடைசியில் அந்தப் பஞ்சாங்கத்தை அவளுடைய புருஷனே புரட்டினார். ஆண் வாரிசு வேண்டும். மாசிக்குள் முடிக்கவேண்டும். பெரம்பலூர் இராமலிங்கத்தின் மகள் புஷ்பவல்லிக்குப் பதினாறு வயது.

*

"அத்தை, தட்டோட ஓரத்துல ஒரு நசுங்கல் இருக்கு. தட்டி எடுத்துடச் சொல்லவா?" என்று கேட்டாள் ரத்தினம்மாள்.

ஜெகதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. "அது அப்படியே இருக்கட்டும்."

அந்த நசுங்கல் அவளுக்குத் தெரியும். அது விழுந்த சத்தம்கூடத் தெரியும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாந்தாரம் கட்டுவதென்றால் பெண் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டை முதல் தாரமே தன் கையால் எடுத்துப் போகவேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதுதான் உத்தரவாதம். மூத்தவள் மனசாரச் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். சம்மதிக்காதவள் தட்டைத் தொடமாட்டாள் என்பது இதன் தத்துவம். தொடாமலிருந்தால் அவள் எங்கே போவாள் என்பதைத் தத்துவம் சொல்லவில்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், உடையார்பாளையத்தில் பதினைந்து வயது ஜெகதாம்பாள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். பஞ்சநாதனின் முதல் தாரம் ராசாத்தி இதே தட்டை ஏந்திக்கொண்டு வாசற்படி ஏறினாள். கை நடுங்கியது. தட்டு விழுந்தது. தேங்காய் உருண்டு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. உள்ளே பெண்கள் சிரித்தார்கள். ஜெகதாம்பாளும் சிரித்தாள்.

"பின்கட்டு அறைக்கு நேத்துச் சுண்ணாம்பு அடிச்சாங்க அத்தை. வாடை போகல. புள்ளைங்களுக்கு ராத்திரிக்கு இருமல் வரும்."

"ரெண்டு நாள்ல போயிடும்."

ராசாத்தி செத்துப்போகும்வரை இருந்த அறை அது.

ரத்தினம்மாள் தட்டில் வெற்றிலையை அடுக்கினாள். பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு தேங்காய், சீப்பு வாழைப்பழம், பூ. மேலே சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தினாள். பிறகு உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தாள். நான்கு காகிதம், பெரிய பெரிய எழுத்து. மாமியாரின் சொற்பொழிவு. திருச்சியில் எட்டாவது வரை படித்தவள் அவள். மசோதாவை வரிக்கு வரி படித்து, மாமியாருக்குப் புரிகிறமாதிரி எழுதித் தருகிற வேலை அவளுடையது.

*

பஸ் மருதையாற்றைத் தாண்டியது. கரியடுப்பு பின்னால் புகைந்தது. பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கரிவாயுவில் பஸ்ஸை ஓட்ட மாட்டிய அடுப்பை முதலாளி இன்னும் கழற்றவில்லை. மாமியாரும் மருமகளும் முன் சீட்டில். ரத்தினம்மாளின் மடியில் தட்டு. பஞ்சநாதனின் காரியக்காரர் தங்கசாமி பின்னால் உட்கார்ந்து இரண்டு முதுகுகளையும் கவனித்துக்கொண்டு வந்தார். அதற்காகத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

ஜெகதாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை உதட்டுக்குள் படித்துப் பார்த்தாள்.

"'கட்டிய மனைவி உயிரோடிருக்க, மற்றொருத்தி கழுத்தில் தாலி கட்டுவது அநீதி.' இந்த 'அநீதி'யை அழுத்திச் சொல்லணுமா ரத்தினம்?"

"அழுத்துங்க அத்தை."

"ரொம்பவா?"

"உங்களால முடிஞ்ச அளவுக்கு."

ஜெகதாம்பாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

பேரளியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினான்.

"ராசாத்தி அத்தை பின்கட்டுல எத்தனை வருசம் இருந்தாங்க?" என்று ரத்தினம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். எத்தனை நாளைக்குன்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கன சாமான் எடுத்துப் போட்டுக்கலாம்ல."

ஜெகதாம்பாள் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பத்தொம்பது வருசம்."

பஸ் கிளம்பியது. குலுக்கலில் தட்டுக்குள் தேங்காய்கள் இரண்டும் மோதிக்கொண்டன.

"இங்க பாரு ரத்தினம். ஓட்டு வர்றப்ப நான் சட்டத்துக்குத்தான் கை தூக்கப்போறேன். அதை நம்பு."

"நம்பறேன் அத்தை. மாசியில கை தூக்குவீங்க. தையில என்னைத் தட்டைத் தூக்கச் சொல்றீங்க."

"என் கையில என்னடி இருக்கு? அவரு சொல்றதை..." ஜெகதாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். பின்னால் தங்கசாமி இருமினார். "அந்தக் காயிதம் பெட்டியில இருக்கு. உனக்கே தெரியும்."

"தெரியும். அந்தக் காயிதத்தை எழுதினது யாரு? நானில்ல? மாமா சொல்லச் சொல்ல எழுதினேன்."



*

மாதர் சங்கக் கூட்டம் பள்ளிக்கூடத்து ஹாலில். நாற்பது பெண்கள் இருந்தார்கள். முன் வரிசை நாற்காலிகளில் உத்தியோகஸ்தர் வீட்டு அம்மாக்கள். பின்னால் பாயில் கடைக்காரர் வீட்டுப் பெண்கள். வாசல் நிலையை ஒட்டி, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், கடலைக்காட்டிலிருந்து நேராக வந்த ஏழெட்டுப் பேர்.

சங்கத் தலைவி ஜானகி அம்மாள், முன்சீப்பின் மனைவி. அவருடைய தலைமையுரை நாற்பது நிமிஷம். பாரத நாரியின் பெருமையை வேதகாலத்தில் ஆரம்பித்தார். மூவாயிரம் வருஷத்தை அரைமணியில் கடந்து, தம் கணவருக்குத் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு மாற்றலான இடத்தில் கொஞ்சம் அதிகம் தங்கிவிட்டார். "ஸ்திரீ ரத்தினங்களாகிய நாம் விழித்தெழ வேண்டும்" என்று அவர் முடித்தபோது முன் வரிசையில் இரண்டு ஸ்திரீ ரத்தினங்கள் உண்மையாகவே திடுக்கிட்டு விழித்தன.

பிறகு ஜெகதாம்பாள் எழுந்தாள். காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். 'அநீதி' வந்தது. அழுத்தினாள். கைத்தட்டல் எழுந்தது. ஒரு முறை ரத்தினம்மாளைப் பார்த்தாள். அவள் முன் வரிசை ஓரத்தில், மடியில் பட்டுத் துணி போர்த்திய தட்டோடு, கைத்தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்தன.

"இத்துடன் கூட்டம்..." என்று ஜானகி அம்மாள் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கணும் தாயி."

வாசலிலிருந்து குரல். எல்லோரும் திரும்பினார்கள். முப்பது வயதிருக்கும். முழங்கால்வரை செம்மண்.

"கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை அம்மா" என்றார் ஜானகி அம்மாள்.

"நேரம் எனக்கு எதுக்குங்க? பதில் போதும்." அவள் உள்ளே வந்துவிட்டாள். "எம் பேரு மருதாயி. எம் புருசனுக்கு நான் ரெண்டாவது. மொதல்ல ஒருத்தி இருந்தா. அவளை அவ ஆத்தா வூட்டுக்கு வெரட்டிட்டுத்தான் என்னக் கொண்டாந்தான். அன்னிக்கு நான் சிரிச்சேன், பொய் சொல்லல. இப்ப மூணாவதா ஒருத்தியக் கொண்டாரப் போறான். என்னடா அவசரம்னா, சட்டம் வருது, மாசிக்குள்ள கட்டணும்ங்கறான். நீங்க பேசுற சட்டத்தால இன்னி வரைக்கும் எனக்குக் கெடைச்சது அந்த அவசரந்தான். சொல்லுங்க தாயி, இந்தச் சட்டம் மொதத் தாரத்துக்கா, ரெண்டாந்தாரத்துக்கா?"

யாரோ முன் வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். ஜெகதாம்பாள் காகிதத்தைப் புரட்டினாள். நான்கு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. 'அன்னிக்கு நான் சிரிச்சேன்' என்ற மூன்று வார்த்தை அவள் காதில் உடையார்பாளையத்துக் குரலில் கேட்டது.

ரத்தினம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"சட்டம் வந்த நாளுக்கு முன்னாடி நடந்த கல்யாணத்தைத் தொடாதும்மா. உன்னைப் பொண்டாட்டி இல்லைன்னு யாரும் தள்ள முடியாது. அதுக்கப்புறம் கட்டினாத்தான் செல்லாது. கட்டினவனுக்குத் தண்டனை."

"முன்னாடியே கட்டிட்டான்னா?"

"சட்டம் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப இன்னியிலேர்ந்து அந்த நாள் வரைக்கும் எங்களுக்காவ யாரு கேக்கறது?"

ரத்தினம்மாள் மாமியாரைப் பார்த்தாள். நாற்பது பெண்களும் அவள் பார்வை போன வழியே பார்த்தார்கள்.

இந்தச் சங்கடத்திலிருந்து சபையைக் காப்பாற்றுவது தலைவியின் கடமை என்று ஜானகி அம்மாளுக்குப் பட்டது. "சகோதரியின் கேள்வி மிகவும் சிந்தனைக்குரியது. இப்பொழுது தாம்பூலம் வழங்கப்படும்!" என்று அறிவித்தார். அறிவித்த பிறகுதான் காரியதரிசி வந்து காதில் சொன்னாள், வெற்றிலைக்குப் போன ஆள் இன்னும் வரவில்லை என்று.

தலைவியின் கண் ஹாலைச் சுற்றியது. சிவப்புப் பட்டில் வந்து நின்றது. தலைமை தாங்குகிறவர்களுக்குக் கேட்டு அறிந்துகொள்ளும் பழக்கம் கிடையாது.

"அடடா! நம் எம்.எல்.ஏ. அம்மா தாம்பூலத்தையும் தாமே கொண்டுவந்திருக்கிறார்களே! இதுவல்லவா பெருந்தன்மை!" இரண்டு எட்டில் வந்து பட்டுத் துணியை விலக்கிவிட்டார்.

வெற்றிலையின் பச்சை வாசனை ஹாலில் பரவியது. பெண்கள் கை தட்டினார்கள்.

ரத்தினம்மாள் தட்டை விடவில்லை. "அத்தை?" என்றாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அது வேற காரியத்துக்கு.' எந்தக் காரியத்துக்கு என்று நாற்பது பேரும் கேட்பார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன் அழுத்திச் சொன்ன அநீதிக்கு என்று சொல்லவேண்டும். ஜன்னலுக்கு வெளியே தங்கசாமியின் தலை தெரிந்தது. அது வேண்டாம் வேண்டாம் என்று பலமாக ஆடிக்கொண்டிருந்தது.

"குடு ரத்தினம்" என்றாள் ஜெகதாம்பாள்.

"அம்மா திருக்கரத்தாலேயே வழங்கவேண்டும்!" என்று ஜானகி அம்மாள் கட்டளையிட்டார்.

வழங்கினாள். மருமகள் தட்டைப் பிடித்துக்கொள்ள, மாமியார் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, துளி மஞ்சள். பழங்கள் முன் வரிசையோடு தீர்ந்தன. தேங்காய்களைப் பள்ளிக்கூடத்துப் படியில் உடைத்து ஆளுக்கொரு சில்லாகக் கொடுத்தார்கள். வாசலுக்கு வரும்போது தட்டில் ஒரே ஒரு இணை வெற்றிலை மிஞ்சியிருந்தது. மருதாயி முந்தானையை விரித்து ஏந்தினாள். ஆனால் உடனே வாங்கவில்லை.

"எங்க பக்கம் வெத்தலை வாங்கினா வாக்கு, தாயி. பொண்ணு கேட்டாலும் சரி, நெலம் பேசினாலும் சரி. குடுத்தவங்களும் மாறக்கூடாது, வாங்கினவங்களும் மாறக்கூடாது."

"எங்க பக்கமும் அப்படித்தான்."

"எனக்கு ஓட்டு இல்லீங்க. காணி நெலம் இல்லாதவளுக்கு ஓட்டு ஏது? உங்களுக்கு நான் ஒண்ணும் செய்யல. அப்படியும் எம் பக்கம் நிப்பீங்களா?"

"நிக்கறேன்."

"எப்பலேர்ந்து தாயி? சட்டம் வந்தப்பொறவா, அதுக்கு முந்தியா?"

சபையில் மந்திரிகள்கூட இப்படிக் குறுக்குக் கேள்வி சந்தித்ததில்லை. ஜெகதாம்பாள் பழக்க தோஷத்தில் ஒரு கணம் யாருடைய கையாவது எழும்புகிறதா என்று தேடினாள். எதிரே இருந்தது ஒரு முந்தானைதான்.

"இப்பலேர்ந்து" என்றாள்.

வெற்றிலை முந்தானையில் விழுந்தது. மருதாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

*

வில்வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றது. தங்கசாமி வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக்கொண்டு, பின்னால் திரும்பிக் கெஞ்சினார்.

"அம்மா, தட்டு வெறுந்தட்டா இருக்குங்களே. கடைத்தெருவுல நிறுத்தச் சொல்றேன். வெத்தலை பாக்கு, தேங்கா பழம் எல்லாம் அஞ்சு நிமிசத்துல வாங்கிடலாம். ஐயாவுக்குத் தெரியவே தெரியாது."

கடைத்தெரு வந்தது. வண்டி நின்றது. வெற்றிலைக் கட்டுகள் ஈரச் சாக்கின் மேல் பளபளத்தன. ரத்தினம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய விரல் தட்டின் நசுங்கல் மேல் போய் வந்துகொண்டிருந்தது.

"ஓட்டச் சொல்லு" என்றாள் ஜெகதாம்பாள்.

"அம்மா..."

"ஒருக்காக் குடுத்த வெத்தலையை மறுக்கா வாங்கற வழக்கம் இல்ல தங்கசாமி. ஓட்டச் சொல்லு."

துறைமங்கலம் ரோட்டில் இராமலிங்கத்தின் வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். பஞ்சநாதன் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு படியிறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் புது வேஷ்டியில் தர்மராஜ். அவன் முகம் எப்போதும்போல அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு சின்னப் பெண்ணின் மூக்குத்தி மினுக்கியது.

"கூட்டம் ஜோரா நடந்துச்சா? எறங்குங்க, நல்ல நேரம் போவுது. ரத்தினம், தட்டைப் பாத்துப் பிடிம்மா..." அவர் தட்டைப் பார்த்தார். வெள்ளியின் நடுவில் தம் முகமே தெரிவதைக் கண்டார். "வெத்தலை எங்க?"

"குடுத்துட்டேன்" என்றாள் ஜெகதாம்பாள்.

"யாருக்கு?"

"ஓட்டு இல்லாதவளுக்கு."

பஞ்சநாதனுக்குப் புரியவில்லை. தங்கசாமி இறங்கி ஓடி, காதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்து, பிறகு தெளிந்தது. சிரிக்கக்கூடச் செய்தார்.

"ஹூம். இதுக்கா இந்த மூஞ்சி? இராமலிங்கம் வூட்டுக் கொல்லையில கொடிக்காலே இருக்கு. வெத்தலைக்கா பஞ்சம்? உள்ளேர்ந்து எடுத்துட்டு வரச் சொல்றேன். தட்டு இருக்கு, கை இருக்கு. எறங்கு ரத்தினம்."

ரத்தினம்மாள் அசையவில்லை. தர்மராஜைப் பார்த்தாள். அவன் மாவிலையைப் பார்த்தான்.

"எறங்குன்னு சொன்னேன்."

அவள் ஒரு காலைப் படிக்கட்டையில் வைத்தாள். அப்போது அவளுக்கு முன்னால் ஒரு கை குறுக்கே நீண்டு வண்டியின் வாயை அடைத்தது. கதர்ப் புடவை சரிந்த கை. இரண்டரை வருஷமாக இன்னொருவர் கையைப் பார்த்துப் பார்த்தே எழும்பிய கை. இப்போது அது யாரையும் பார்க்கவில்லை.

"அவ எறங்க மாட்டா" என்றாள் ஜெகதாம்பாள். கை நடுங்கவில்லை.

பஞ்சநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். இராமலிங்கம் வாசலுக்கு வந்துவிட்டார். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கௌரவம் உள்ள மனிதர் தெருவில் கத்தமாட்டார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, சம்பந்தியின் காதிலும் விழுகிறமாதிரி மிக இதமாகப் பேசினார்.

"பாவம், அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கு. தங்கசாமி, நீ இப்பவே வண்டி பிடிச்சு அரியலூர் போ. இந்தா சாவி. இரும்புப் பெட்டியில நகைக்கு அடியில ஒரு காயிதம் இருக்கும். எடுத்துட்டு வா. தேதி மட்டுந்தான் போடணும்."

சாவி தங்கசாமியின் கைக்கு மாறியது.

அந்தக் காகிதத்தில் தேதி விழுந்துவிட்டால், மாசியில் சபையில் ஒரு கை குறையும். அது வண்டியில் இருந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். ரத்தினம்மாள் மெதுவாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மாமியாரின் முழங்கையைத் தொட்டாள்.

"அத்தை, கையை எடுத்துடுங்க. நான் எறங்கிடறேன். உங்க எடம் போயிடும்."

ஜெகதாம்பாள் கையை இறக்கவில்லை.

"வண்டியைத் திருப்பு" என்றாள் வண்டிக்காரனிடம். அவன் தார்க்குச்சியைப் பிடித்தபடி ஐயாவின் முகத்தைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கடைசியில் மாடுகளின் முகத்தைப் பார்த்தான்.